மழையில் எரிந்த சோலர் லைற்

இது சைக்கிள் லைற் அக்கா. நீங்கள் பார்த்த பார்வைக்கு, ஏதோ பூனைக்குட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். லைற்தான். பழுதாய்ப்போன லைற். யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுபோய், வாங்கின கடையிலேயே வைத்து, அந்த மனிதரிடம் நியாயம் கேட்கப் போகிறேன். வேறு லைற் தரவேண்டும். தராவிட்டால் கடை வாசலில் நின்று கதைப்பேன். நான் கதைக்கத் தொடங்கினால் ஆட்கள் கூடிவிடுவார்கள். கம்பஸ் விவாத அணியில் நான் இரண்டாவது பேச்சாளர். முதலாவதாக இருந்திருக்க வேண்டியது, அது பெரிய கதை, அதற்கு இந்த பஸ் பயணம் காணாது.

இன்றைக்கே மாற்றியாக வேண்டும். பின்னேரம் அம்மா வவுனியாவில் இருந்து வருகிறா. லைற் நின்றுபோனது அவவுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. நாளையிலிருந்து அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்து கம்பஸ் வாசலில் நிற்பான்.

அண்ணா வந்து நின்றால் என்ன என்று கேட்கிறீர்களோ? நீங்களும் அப்படிக் கேட்கலாமோ அக்கா? அவன் சும்மா நிற்கமாட்டான். ஹோர்ன் அடிப்பான். நான் எதிரணியை மறுத்து, பிடியை இறுக்கி, இனி ஒரு வசனம்தான் மிச்சம் என்று நிற்கும்போது வெளியே 'பீப், பீப்'. எல்லாரும் சிரிப்பார்கள். "சாரங்கா, உமக்கு வாகனம் வந்திட்டுது" என்பார்கள். பெண்ணுக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்று பேசிவிட்டு, அண்ணாவுக்குப் பின்னால் ஏறி இருந்து வீட்டுக்குப் போனால் யார் நம்புவார்கள்?

அதனால் வீட்டில் போர் தொடங்கினேன். பயிற்சி முடிய ஆறரை ஆகும், நான் என் சைக்கிளில் தனியே வருவேன் என்றேன். கம்பஸில் இருந்து எங்கள் உரும்பிராய் வீட்டுக்குப் பெரிய தூரம் இல்லை. நடுவில் ஒரு தோட்டவெளி வரும், அதில் மட்டும் தெருவிளக்கு இல்லை. அந்தத் தோட்டவெளியைத்தான் அம்மா பிடித்துக்கொண்டா.

அம்மாவோடு வாதாடுவது லேசில்லை. அவ வீட்டில் சட்டை தைக்கிறவ. நான் ஒரு நல்ல நியாயத்தைக் கொண்டுவரும்போதுதான் மிஷினை மிதிப்பா. கடகட என்ற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மிதித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "என்ன சொன்னனி?" என்பா. திரும்பவும் முதலில் இருந்து சொல்லவேண்டும். நான் அளவையியல் படிக்கிறேன் அக்கா. எது எதிலிருந்து வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்கிற படிப்பு. அந்தப் படிப்பில் மிஷினுக்கு மறுப்பு இல்லை.

ஆனாலும் விடவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே மிஷினில் இருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"சரி, போ. ஆனா நல்ல லைற் ஒண்டு பூட்டிக்கொண்டு போ. ஒரு நாள் லைற் நிண்டாலும், அடுத்த நாள் தொடக்கம் அண்ணாதான் ஏத்துவான். கதை இல்லை."

"ஒத்துக்கொள்ளுறன்" என்றேன். வென்றுவிட்டேன் பாருங்கோ.

அடுத்தது எந்த லைற் என்ற பிரச்சினை. அண்ணா உடனே, "டைனமோ பூட்டு. சில்லு சுத்துமட்டும் எரியும். பற்றரியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்றான்.

டைனமோ! அக்கா, நீங்களே சொல்லுங்கோ. அது சைக்கிள் சில்லின் டயரோடு உரசி உர்ரென்று கத்தும். மிதிக்கப் பாரம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நின்றால் இருட்டு. வெளிச்சம் எப்போது வேண்டும்? நிற்கும்போதுதானே வேண்டும்! பாதை நல்லதென்றால் ஓடிக்கொண்டிருப்போம். பள்ளமோ பாம்போ கண்டால்தான் நிற்போம். அந்த நேரம் பார்த்து அணைகிற சாமானுக்கு லைற் என்று பெயரா? கஷ்டம் வந்தவுடன் கையை விடுகிறவனை நண்பன் என்று சொல்வதுபோல. இதை நான் சொல்ல, அண்ணா வாயை மூடினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு அவன், மினுக்கி மினுக்கி எரிகிற லைற் வாங்கு, தூரத்தில் வருகிறவனுக்கு நீ தெரிவாய் என்றான். பார்த்தீர்களோ? எனக்கு வழி தெரிவதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவருக்கும் கவலை இல்லை. நான் மற்றவர்களுக்குத் தெரியவேண்டுமாம். கலியாண வீட்டுப் பந்தலா நான்?

நானே ரவுணுக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று கத்தரிக்காய் அளவு, வெளிச்சமும் கத்தரிக்காயின் வெளிச்சம்தான். ஒன்று லொறிக்குப் பூட்டுகிற மாதிரி. கடைசியில் இதை எடுத்தார். பாருங்கோ, வடிவுதானே? மேலே இந்தக் கறுப்புக் கண்ணாடித் துண்டு, அதுதான் சோலர்.

"வெயிலும் குடிக்கும் பிள்ளை, வயரும் குடிக்கும்" என்றார்.

"வெயில் குடிச்சால் பிறகு வயர் ஏன்?"

"ரெண்டிலையும் சார்ஜ் போடலாம் எண்டு சொல்லுறன்."

"ரெண்டிலையும் போடலாம் எண்டால் ஒண்டு காணும். ஒண்டு காணும் எண்டால் மற்றது தேவையில்லை. சரியோ?"

அவர் எனக்குப் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, நீங்கள் சொன்னால் சரி" என்றார். அவர் வாயால் ஒத்துக்கொண்டது அக்கா. இன்றைக்கு அந்த வசனத்தைத்தான் எடுத்துக் கேட்கப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? வயரைப் பெட்டியோடு குசினித் தட்டில் போட்டுவிட்டு, லைற்றை ஹாண்டிலில் பூட்டினேன். அடுத்த நாளே தனியே வந்தேன்.

தனியே என்றால், தனியே வரத்தான் வெளிக்கிட்டேன். சந்தியில் மூன்று பெண்கள் சைக்கிளோடு நின்றார்கள். புடைவைக் கடையில் வேலை செய்கிற மேகலா அக்கா, பாமசியில் நிற்கிற ஜெனிற்றா, ஆஸ்பத்திரி கன்ரீனில் சமைக்கிற மங்கை அன்ரி. எங்கள் பக்கத்து ஆட்கள்தான். மேகலா அக்கா அம்மாவிடம் சட்டை தைப்பிக்கிறவ.

"தங்கச்சி, எங்களுக்கு லைற் இல்லை. உம்மட வெளிச்சத்திலை நாங்களும் வரட்டோ?" என்றா.

நான் பார்த்தேன். மூன்று சைக்கிளிலும் முன்னால் வட்ட லைற், சில்லோடு ஒட்டின டைனமோ. "டைனமோ இருக்குதே?" என்றேன்.

"பழுது" என்றா மேகலா அக்கா.

"மூண்டுமோ?"

"மூண்டும்" என்றாள் ஜெனிற்றா.

எனக்கு ஆச்சரியமே இல்லை. டைனமோ என்றால் பழுதாகும் சாமான் என்றுதானே நான் வீட்டில் தொண்டை கிழியச் சொன்னேன்! அண்ணாவைக் கூட்டிவந்து காட்டவேண்டும் போல் இருந்தது. டைனமோவின் குறைகளைத் தோட்டவெளி முழுக்க அவர்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மங்கை அன்ரி "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று கேட்டுக்கொண்டு வந்தா. நல்ல மனுஷி.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நிற்பார்கள். எனக்குப் பயிற்சி பிந்தினால், பிந்தியும் நிற்பார்கள். அவர்களின் வேலை முன்பே முடிந்துவிடும், ஆனாலும் நிற்பார்கள். லைற் இல்லாமல் என்ன செய்வார்கள், பாவங்கள். எனக்கு இது பெரிய கரைச்சல் அக்கா. நான் தனியே வருவதற்காக ஒரு யுத்தமே நடத்தினேன், கடைசியில் மூன்று பேருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறேன். மேகலா அக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு முந்தியே வந்துவிடும். அப்படியிருந்தும் எங்கள் வாசல் படலை வரை வருவா. திரும்பி இருட்டில் எப்படிப் போவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பழகின வழிதானே" என்றா. எவ்வளவு அலட்சியம் பாருங்கோ! லைற் ஒன்று வாங்குங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "வாங்குவம், வாங்குவம்" என்பா.

ஒருநாள் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். "முன்னுக்கு வாற தங்கச்சிக்கு லைற் இருக்கு. மற்ற மூண்டு பேருக்கும் எங்கை?" என்றார். பிறகு குனிந்து பார்த்து, "டைனமோ இருக்குதே. போடுங்கோ பாப்பம்" என்றார்.

மேகலா அக்கா வாயைத் திறந்தா. நான் விடவில்லை, குறுக்கே புகுந்தேன். டைனமோ இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு, இருப்பதிலிருந்து எரிவது பெறப்படாது என்றேன். நால்வரும் ஒன்றாகப் போகிறோம், வெளிச்சம் எல்லாருக்கும் பொதுவாக விழுகிறது, ஆகவே லைற்றும் பொது என்றேன்.

அவர் கேட்டார், "தங்கச்சி லோயரோ?"

"இல்லை, அளவையியல்."

"அதென்ன?"

சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் மேகலா அக்காவைப் பார்த்து, "அக்கா, இந்தப் பிள்ளையைக் கெதியா வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். யார் யாரைக் கூட்டிப் போவது! நான்தான் அவர்களைக் கூட்டிப் போகிறேன் என்று திருத்தினேன். ஜெனிற்றாவுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். அம்மா மேகலா அக்காவுக்குச் சட்டை தைத்தா. சரி, அது வழக்கம். பிறகு ஜெனிற்றாவுக்குத் தைத்தா. பிறகு மங்கை அன்ரிக்கும் தைத்தா, அதுவும் சும்மா. கூலி இல்லை. நான் கேட்டேன். "அம்மா, நான் அவையளுக்குச் சும்மா லைற் காட்டுறன். நீங்களும் சும்மா தைச்சுக் குடுக்கிறீங்கள். எங்கட குடும்பம் என்ன தரும ஸ்தாபனமோ?" அம்மா மிஷினை மிதித்தா.

சரி, லைற்றுக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், நியாயம் இதில்தான் இருக்கிறது. வாங்கினது ஐப்பசியில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, முழுக்க மழை. உங்களுக்குத் தெரியும்தானே, இந்த முறை பெய்த மழை. சூரியனைக் கண்டவர் இல்லை. கம்பஸில் சைக்கிள் நிற்பதும் மாமரத்துக்குக் கீழே. அப்படியிருந்தும் லைற் ஒருநாள் மங்கவில்லை! பொறுங்கோ, இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் முழு வெளிச்சம். நான் கம்பஸ் முழுக்கப் புளுகிக்கொண்டு திரிந்தேன். முகில் வெளிச்சத்தையே குடித்துக்கொண்டு எரிகிற லைற் என்று. இரண்டு பெட்டையள் என் சொல்லைக் கேட்டு இதே லைற் வாங்கினார்கள். அவர்களுடையது நாலு நாளில் நின்றுவிட்டது. நீங்கள் வடிவாகப் பாவிக்கவில்லை என்று அவர்களுக்கு ஏசினேன்.

நான் வடிவாகப் பாவித்தேன். அம்மா சொன்னபடி இரவில் கழற்றி உள்ளே எடுத்துவிடுவேன். "மழையிலை நனைஞ்ச சாமான், குசினியிலை வை, அடுப்புச் சூட்டிலை காயட்டும்" என்பா. வைத்தால் காலையில் இளஞ்சூடாக இருக்கும். அந்த அளவு கவனம்.

போன கிழமை சித்தியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது என்று அம்மா வவுனியாவுக்குப் போனா. படலையில் நின்று அண்ணாவுக்குச் சொன்னா, "டேய், பிள்ளையின்ர லைற்றை மறந்திடாதை." அவன் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். லைற் எரிகிறதா என்று அவன் பார்க்கவேண்டுமாம். என்னை நம்பாத தன்மை.

அம்மா போனதும் வெயில் வந்தது. நல்ல தை மாத வெயில். நான் லைற்றை முற்றத்தில் வைத்து, நூல் பிடித்த மாதிரிச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். மூன்று மாத மழையில் எரிந்த லைற், இப்படி வெயில் குடித்தால் எப்படி எரியவேண்டும்? ஊரே தெரியவேண்டும்.

நேற்று, தோட்டவெளியின் நடுவில், வெங்காயத் தோட்டம் வருகிற இடத்தில், லைற் மஞ்சளாகி, மங்கி, நின்றது.

இருட்டு அக்கா. என் கை எனக்குத் தெரியவில்லை. பிறேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றேன். விவாத இறுதிப் போட்டி அடுத்த மாதம். அதையும் நினைத்தேன், அண்ணாவின் ஹோர்னையும் நினைத்தேன்.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு 'டக்'. பிறகு இன்னொன்று. உர்ர் என்று எழும்பியது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்தது. ஒன்றல்ல, மூன்று நிழல்.

திரும்பிப் பார்த்தேன். மூன்று டைனமோவும் எரிகின்றன.

"பழுதெண்டு சொன்னீங்கள்!" என்று கத்தினேன்.

"இப்பதான் சரி வந்திட்டுது போலை" என்றா மேகலா அக்கா.

"மூண்டும் ஒண்டாவோ?"

"மழை விட்டுதெல்லே பிள்ளை. காஞ்சிருக்கும்" என்றா மங்கை அன்ரி.

நிறுத்துங்கோ, நான் லைற்றைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றேன். மூவரும் நின்றார்கள். நின்றதும் மூன்றும் அணைந்தன. "கண்டீங்களோ!" என்றேன். "இதுதான் டைனமோ! நான் சொன்னனோ இல்லையோ? நிண்டால் இருட்டு!"

வாய்க்காலில் தவளை கத்தியது. பிறகு மேகலா அக்கா, "சரி, நாங்கள் நிக்கேல்லை. நீர் பாரும்" என்று மிதிக்கத் தொடங்கினா.

அக்கா, நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்று பேரும் அந்த ஒடுக்கமான றோட்டில் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நிற்காமல். ஒருவர் வெளிச்சம் என் முகத்தில் அடித்துப் போக, அடுத்தவர் வெளிச்சம் கையில் விழும். நான் நடுவில் நின்று லைற்றைத் தட்டுகிறேன், ஊதுகிறேன், சுவிச்சை அமத்துகிறேன். புடைவைக் கடையில் நாள் முழுக்க நின்ற கால் அக்கா அது. கன்ரீனில் சோற்றுக் கிடாரம் தூக்கின கை.

"பிள்ளை, கெதியாப் பாரும், எனக்குத் தலை சுத்துது" என்றா மங்கை அன்ரி.

"மற்றப் பக்கமாச் சுத்துங்கோ அன்ரி, சரிவரும்" என்றாள் ஜெனிற்றா. அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வாய்க்காலுக்குள் போகப் பார்த்தது.

லைற் எரியவில்லை. அப்படியே முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்று என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். படலையில் மேகலா அக்கா மெதுவாகச் சொன்னா, "நாளைக்கு அம்மா வந்திடுவா. நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம். நீரும் ஒண்டும் கேக்காதையும், என்ன?"

அம்மா நாளைக்கு வருவது இவவுக்கு எப்படித் தெரியும்? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டைனமோ உர்ரென்று போய்விட்டது.

இதுதான் அக்கா விஷயம். மழையில் எரிந்து, வெயிலில் நிற்கிற சோலர் லைற். நியாயத்துக்கே அடுக்காது. உள்ளே ஏதோ பழுது. அந்தக் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இரவில் எந்த இடத்தில் வைப்பேனோ? சொன்னேனே, குசினியில். அடுப்புக்குப் பக்கத்தில்... அடுப்பு இரவில் எரியாதுதான். தட்டில் வைப்பேன். பிளக்குக்குப் பக்கத்தில்.

வயர்? வயர் பெட்டியோடு கிடக்கும். இல்லை. பெட்டியை அம்மா நூல்கட்டை போடுவதற்கு எடுத்துவிட்டா. வயர், பிளக்கில் ஒரு கறுப்பு வயர் தொங்குகிறதுதான், நான் அது அம்மாவின் போனுக்கு என்று நினைத்தேன். அம்மாவின் போன் பழைய போன். அதற்குச் சார்ஜர் ஊசி உருண்டை, இந்த வயரின் முனை தட்டை.

சிரிக்காதேங்கோ அக்கா. பொறுங்கோ. நான் யோசிக்கிறேன்.

மழை பெய்தது. லைற் எரிந்தது. அம்மா இருந்தா. வெயில் வந்தது. லைற் நின்றது. அம்மா இல்லை. மூன்று டைனமோவும் பழுது, மூன்று பேருக்கும் கூலி இல்லாத சட்டை.

கொண்டக்டர் அண்ணை! கந்தர்மடத்திலை இறக்கம்!

ஓம் அக்கா, கடை ரவுணில்தான். கடை எங்கே ஓடப்போகிறது? இப்போது திரும்பிப் போனால் அம்மா வருவதற்கிடையில் வயரில் போட்டு நிறைத்துவிடலாம். நிறைத்து, வயரை முந்தித் தொங்கின மாதிரியே தொங்கவிட்டு, லைற்றைத் தட்டில் வைத்துவிடுவேன். அம்மா வந்தவுடன் தொட்டுப் பார்ப்பா. இளஞ்சூடாக இருக்கும். அண்ணா மறக்கவில்லை என்று நினைப்பா. அந்த மடையனுக்கு நல்ல பெயர், பரவாயில்லை.

கேட்கமாட்டேன். எதையும் கேட்கிறவள்தான், இதைக் கேட்கமாட்டேன். கேட்டால் இந்தமுறை அவ மிஷினை மிதிக்கமாட்டா, பதில் சொல்லிவிடுவா. பிறகு நான் அணியில் எந்த முகத்தோடு தனியே வருகிறேன் என்று சொல்வது?

கொஞ்சம் காலை எடுங்கோ அக்கா, நான் போகவேண்டும். நாளைக்கு ஆறரைக்குச் சந்தியில் நிற்பார்கள். "உம்மட வெளிச்சத்திலை வரட்டோ" என்பா மேகலா அக்கா. வாங்கோ என்பேன். வேறென்ன சொல்வது?

ஆனால் ஒன்று. டைனமோவைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நின்றால் இருட்டுத்தான். அவர்கள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.